தரை இறுகினால் பங்கர் பெரிதாகும்: கோல்ஃப் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பங்கர்களை, அதாவது மைதானத்தில் இருக்கும் மணல் குழிகளைப் பற்றியவை. அவற்றில் பழைய, புகழ்பெற்ற மைதானங்களைத் தொட்டவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸில் 17ஆம் ஹோலில் இருக்கும் ரோட் ஹோல் பங்கர், டிவியில் பார்த்தால் மிகச் சிறியதாகத்தான் தெரிகிறது. பெரிய பெரிய வீரர்கள்கூட ஏன் இப்படி அஞ்சுகிறார்கள்?

கண்ணுக்குத் தெரிகிற மணலை மட்டும் வைத்து அந்தப் பங்கரை அளக்கக் கூடாது. சுற்றியுள்ள தரை முழுக்க அதை நோக்கியே சரிந்திருக்கிறது. சில கெஜம் தள்ளி விழுந்த பந்துகூட வேகம் குறையும்போது மெல்லத் திரும்பி உள்ளே போய்விடும். 1978 பிரிட்டிஷ் ஓபனில் ஜப்பானின் டாமி நகாஜிமா இரண்டே ஷாட்டில் கிரீனுக்கு, அதாவது குழி இருக்கும் வழவழப்பான புல்தரைக்கு, வந்துவிட்டார். அடுத்து கையில் எடுத்தது, பந்தைத் தரையோடு உருட்டும் மட்டையான புட்டர். அந்தப் புட்டில் பந்து சரிவில் ஏறி, திரும்பி, பங்கருக்குள் இறங்கியது. வெளியே எடுக்க நான்கு ஷாட் ஆனது. நான்கு ஷாட்டில் முடிக்க வேண்டிய (பார் 4) ஹோலில் அவர் எழுதியது 9.

உள்ளே விழுந்தபின் இருக்கும் சிக்கல் வேறு. புல் பாளங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய சுவர் கிட்டத்தட்ட செங்குத்தாக நிற்கும். பந்து அதன் காலடியில் கிடந்தால் பக்கவாட்டிலோ பின்னாலோ அடிப்பதுதான் புத்திசாலித்தனம். 2000ஆம் ஆண்டு ஓபனின் கடைசிச் சுற்றில் டேவிட் டுவால் அங்கே நான்கு ஷாட் செலவழித்தார். அதே போட்டியில் டைகர் வுட்ஸ் 72 ஹோல்களிலும் ஒரு பங்கரில்கூட விழாமல், 8 ஷாட் வித்தியாசத்தில் ஜெயித்தார். மொத்தம் 112 பங்கர்கள் உள்ள மைதானம், ஃபேர்வேயில் (கிரீன்வரை போகும் குட்டைப் புல் பாதை) பந்து நிற்காமல் ஓடிய வாரம் அது. பந்து எங்கே விழும் என்பதோடு, எங்கே போய் நிற்கும் என்பதையும் நான்கு நாளும் கணக்குப் பார்த்து ஆடியிருக்கிறார். கோல்ஃபில் நான் மிகவும் மதிக்கும் சாதனை இதுதான்.

இவ்வளவும் மணற்பாங்கான, காய்ந்து இறுகிய தரை இருந்தால்தான் நடக்கும். ஒரு வாரம் விடாமல் மழை பெய்யட்டும், பந்து விழுந்த இடத்திலேயே நின்றுவிடும். அப்போது அதே பங்கர் நேராக உள்ளே விழும் பந்தை மட்டுமே பிடிக்கும்.

ஆடுமாடுகள்தான் பங்கர்களை உண்டாக்கின என்கிறார்களே, சரியா?

ஒரு பங்குதான். கடலோரக் காற்று, முயல் வளைகள், காற்றுக்கு ஒதுங்கிப் படுத்த ஆடுகள் எல்லாம் சேர்ந்து புல்லைத் தேய்த்து மணலை வெளியே கொண்டுவந்தன. அதோடு, தாழ்வான இடங்களில் பந்துகள் வந்து தேங்கின. எல்லோரும் அதே இடத்தில் நின்று அடித்தால் புல் பெயரும், மணல் தெரியும். அப்படிப் பார்த்தால், சில பங்கர்களுக்கு இடம் குறித்ததே உருண்டு வந்த பந்துகள்தான்.

ஓல்ட் கோர்ஸ் 12ஆம் ஹோலில் டீயிலிருந்து (முதல் ஷாட் அடிக்கும் இடம்) பார்த்தால் ஒரு பங்கரும் தெரிவதில்லை. போய்ப் பார்த்தால் நடு ஃபேர்வேயில் வரிசையாக இருக்கின்றன. இது அநியாயம் இல்லையா?

கிரீனில் நின்று திரும்பிப் பாருங்கள், எல்லாம் பளிச்சென்று தெரியும். அந்தக் காலத்தில் இந்த மைதானத்தை எதிர்த்திசையிலும் ஆடினார்கள். அந்தத் திசைக்கு அவை முகம் காட்டி நிற்கும் பங்கர்கள். திசை மாறிய பிறகும் யாரும் அவற்றை மூடவில்லை. மூடவும் கூடாது என்பேன். முதல்முறை ஆடுபவருக்குக் கஷ்டம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மைதானத்தைத் தெரிந்துகொண்டு ஆடுவதும் ஆட்டத்தில் ஒரு பகுதிதானே.

நடு ஃபேர்வேயில் பங்கர் வைத்தால் நேராக அடித்தவனுக்குத்தானே தண்டனை?

நூறு வருடத்துக்கும் மேலாக நடக்கும் சண்டை இது. விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் ஃபேர்வேயின் குறுக்கே சுவர் மாதிரி பங்கர் வெட்டுவார்கள். தாண்டினால் பிழைத்தாய், இல்லையென்றால் போச்சு. யோசிக்க எதுவுமில்லை.

1900களின் தொடக்கத்தில் லண்டனுக்குத் தென்மேற்கே வோக்கிங் மைதானத்தின் 4ஆம் ஹோலில் ஜான் லோவும் ஸ்டூவர்ட் பேட்டனும் ஒரு வேலை செய்தார்கள். டீயிலிருந்து அடிக்கும் சாதாரண முதல் ஷாட் (டிரைவ்) வந்து விழும் இடத்தில், ஃபேர்வேயின் நடுவே பங்கர் வெட்டினார்கள். முன்மாதிரி, செயின்ட் ஆண்ட்ரூஸ் 16ஆம் ஹோலின் பிரின்சிபல்ஸ் நோஸ் பங்கர். வலது பக்கம் ரயில் பாதை, பந்து அங்கே போனால் எல்லைக்கு வெளியே. இடது பக்கம் தாராளமாக இடம் இருக்கிறது, ஆனால் அங்கிருந்து கிரீனை நெருங்குவது கடினம். பங்கருக்கும் ரயில் பாதைக்கும் நடுவே குறுகலான இடத்தில் பந்தை நிறுத்தத் துணிந்தவருக்குத்தான் அடுத்த ஷாட் எளிது.

உறுப்பினர்கள் கொதித்துப்போனார்கள். ஆனால் ஒரு சின்னப் பங்கர் டீயில் நிற்பவரை மூன்று வழிகளில் யோசிக்க வைத்துவிட்டது. பிறகு வந்த நல்ல வடிவமைப்பாளர்கள் பலரும் இந்த யோசனையைத்தான் எடுத்து வளர்த்தார்கள். ஆக, உங்கள் கேள்விக்கு என் பதில்: நடுவில் அடித்தால் போதும் என்று சும்மா அடித்தவருக்குத்தான் தண்டனை.

ஓக்மான்ட்டில் பங்கர் மணலை உழுது வைத்திருந்தார்களாமே?

ஆமாம். பென்சில்வேனியாவின் அந்த நிலம் களிமண். ஆழமாகத் தோண்டினால் தண்ணீர் வடியாது. ஆழம் இல்லாத குறையை ஈடுகட்ட, கனமான பற்கள் வைத்த ஒரு ரேக்கால் மணலில் பள்ளமும் மேடுமாகக் கோடு கிழித்தார்கள். பந்து கோட்டுக்குள் உட்கார்ந்துவிட்டால் எப்படியாவது வெளியே எடுத்தால் போதும் என்றாகிவிடும். அந்த ரேக் பிற்பாடு வழக்கொழிந்தது.

அங்கே பங்கரைவிட பயங்கரம் கிரீன்தான். 1935 யு.எஸ். ஓபனில் நான்கு சுற்றும் சேர்த்து 300 ஷாட்டுக்குக் கீழே முடித்தவர் 299 எடுத்த சாம் பார்க்ஸ் ஒருவர் மட்டுமே. அந்தப் போட்டியில் ஜீன் சாரசென் தட்டிய ஒரு புட் கிரீனைத் தாண்டி உருண்டு பங்கருக்குள் போனது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த எட்வர்ட் ஸ்டிம்ப்சன், கிரீனின் வேகத்தை அளக்க ஒரு கருவி செய்தார். பள்ளம் வெட்டிய ஒரு கோல். அதில் பந்தை வைத்து மெல்லத் தூக்கினால் ஒரு குறிப்பிட்ட சாய்வில் பந்து தானாக இறங்கும். தரையில் எத்தனை அடி ஓடுகிறதோ அதுதான் வேகம். இன்று எல்லோரும் சொல்லும் ஸ்டிம்ப்மீட்டர் அதுதான். 1973இல் மழையில் கிரீன்கள் இளகியதும், இதே ஓக்மான்ட்டில் ஜானி மில்லர் கடைசி நாள் சுற்றை வெறும் 63 ஷாட்டில் முடித்தார். பங்கர்கள் அதே இடத்தில்தான் இருந்தன.

அமெரிக்காவின் அகஸ்டா நேஷனலில் பங்கர் குறைவு என்பது உண்மையா?

உண்மை. அலிஸ்டர் மெக்கன்சியும் பாபி ஜோன்ஸும் உருவாக்கியபோது 22தான். இன்று சுமார் இரட்டிப்பு. 10ஆம் ஹோலில் கிரீனுக்கு வெகு முன்னால் கிடக்கும் பிரமாண்டமான பங்கரைக் கவனியுங்கள். ஒருகாலத்தில் கிரீன் அதன் பக்கத்திலேயே இருந்தது. 1937இல் கிரீனைப் பின்னே மேட்டுக்குக் கொண்டுபோனார்கள், பங்கர் அங்கேயே தங்கிவிட்டது. இன்று அதில் பந்து விழுவதே அபூர்வம், அழகுக்காகத்தான் நிற்கிறது.

புகழ்பெற்ற ஹோல்களை வேறு ஊரில் அப்படியே கட்டினால் அதே ஆட்டம் கிடைக்குமா?

மண் ஒத்துழைத்தால் கிடைக்கும். ஸ்காட்லாந்தின் நார்த் பெரிக்கில் 15ஆம் ஹோல் ரெடான். கிரீன் முன் வலப்புறத்திலிருந்து பின் இடப்புறமாகச் சரிகிறது, இடது முன்புறத்தில் ஆழமான பங்கர். குழியில் நட்டிருக்கும் கொடியை நேராகக் குறிவைத்தால் ஆபத்து. வலப்பக்கம் தரையிறக்கி, பந்தைச் சரிவில் ஓடவிட வேண்டும். வடிவமைப்பாளர் சார்லஸ் மெக்டொனால்ட் இதை அமெரிக்காவின் லாங் ஐலண்டில் தன் நேஷனல் கோல்ஃப் லிங்க்ஸில் 4ஆம் ஹோலாகக் கட்டினார். அங்கே மணல் நிலம், அதனால் பலித்தது. ஈரம் ஊறிய களிமண்ணில் கட்டிய ரெடான்களும் உண்டு. சரிவு இருக்கும், பங்கர் இருக்கும், பந்து ஓடாது.

பழைய மைதானத்தை மீட்டெடுக்கிறோம் என்கிறார்களே, என்னதான் செய்வார்கள்?

அமெரிக்காவின் பைன்ஹர்ஸ்ட் 2ஆம் எண் மைதானம் நல்ல உதாரணம். வடிவமைப்பாளர் டொனால்ட் ராஸ் பல பத்தாண்டுகள் செதுக்கிய இடம். பின்னாளில் எங்கும் பசேலென்று புல் மூடிவிட்டது. 2010-11இல் வடிவமைப்பாளர்கள் பில் கூரும் பென் கிரென்ஷாவும் ஃபேர்வேக்கு வெளியே வளர்ந்த ஏராளமான ரஃப் புல்லைப் பெயர்த்து, மணலையும் காட்டுப் புல்லையும் திரும்பக் கொண்டுவந்தார்கள். 1,100க்கு மேல் இருந்த தண்ணீர்த் தெளிப்பான்கள் சுமார் 450 ஆயின. என்னைக் கேட்டால் அந்த வேலையின் உயிரே அதுதான். தண்ணீர் குறைந்தது, தரை இறுகியது, ராஸ் வைத்த பங்கர்களுக்கு மறுபடி வேலை வந்தது. புல் பழுப்பாக இருக்கிறதே என்று சிலர் குறைப்படுவார்கள். பழுப்பாக இருக்கட்டும்.

பங்கருக்குள் பந்தின் பக்கத்தில் காய்ந்த இலை கிடந்தால் எடுக்கலாமா?

2019இலிருந்து எடுக்கலாம், பந்து அசையக் கூடாது. ஆனால் பந்துக்கு நேர் முன்னேயோ பின்னேயோ மணலில் மட்டையை வைக்கக் கூடாது, பயிற்சி வீச்சிலும் மணல் படக் கூடாது. ஆடவே முடியாத நிலை என்றால் ஒரு ஷாட் அபராதத்தோடு பங்கருக்குள்ளேயே பந்தை டிராப் செய்யலாம் (கையிலிருந்து கீழே விடலாம்). இரண்டு ஷாட் கொடுத்தால், கொடிக்கும் பந்துக்கும் நேர்க்கோட்டில் பின்னால், பங்கருக்கு வெளியே.