குடும்ப மருத்துவர் பதில்கள்: பரிசோதனை அறையில் கேட்கப்படும் கேள்விகள்

கேள்வி: எனக்கு 23 வயது. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். மும்பை செம்பூரில் பெண்கள் விடுதியில் தங்கி அந்தேரியில் வேலை பார்க்கிறேன். சில மாதங்களாக வெள்ளைப்படுதலும் அரிப்பும் இருக்கின்றன. சில நாட்கள் வாடையும் வருகிறது. மருந்துக்கடையில் மூன்று வகை மாத்திரைகள் சேர்ந்த 'கிட்' ஒன்றைக் கொடுத்தார்கள். பல முறை வாங்கிச் சாப்பிட்டும் குறைவதும் திரும்புவதுமாக இருக்கிறது. திருமணம் ஆகவில்லை, ஆனால் ஒருவருடன் உறவு உண்டு. டாக்டரிடம் போனால் என்னென்ன கேட்பார்? சோதித்துப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடுமா?
- பெயர் வேண்டாம், செம்பூர்

பதில்: அந்த மாத்திரைகளை இத்துடன் நிறுத்துங்கள். கடைகளில் கிடைக்கும் அத்தகைய கிட்டில் பெரும்பாலும் பூஞ்சைக்கு ஒன்று, ஒட்டுண்ணிக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று என்று மருந்துகள் இருக்கும். நோய் எது என்று தெரியாததால் மூன்றையும் விழுங்க வைப்பதுதான் அதன் தர்க்கம். இதில் ஒரு சிக்கல் உண்டு. தேவையில்லாத ஆன்டிபயாடிக், பிறப்புறுப்பில் இயல்பாக வாழும் நல்ல பாக்டீரியாக்களைக் குறைத்துவிடுவதால், பூஞ்சைத் தொற்று அதனாலேயே வரக்கூடும். அரசு மருத்துவமனைகளில் பால்வினைத் தொற்றுகளுக்கென இயங்கும் 'சுரக்ஷா க்ளினிக்'குகளிலும் வெள்ளைப்படுதலுக்குப் பச்சைப் பொட்டலம், அடிவயிற்று வலிக்கு மஞ்சள் பொட்டலம் என்று வண்ணம் பிரித்து மருந்து தருகிறார்கள். ஆனால் அங்கே விசாரித்துச் சோதித்த பிறகே பொட்டலத்தின் நிறம் முடிவாகிறது.

எல்லா வெள்ளைப்படுதலும் நோயல்ல. மாதவிடாய்ச் சுழற்சியின் நடுவில் முட்டையின் வெள்ளைக்கரு போல வழவழப்பாக வருவது இயல்பானது. தயிர்த் திப்பி போலக் கெட்டியாக, கடும் அரிப்புடன் வந்தால் பூஞ்சையாக இருக்கலாம். நீர்த்துச் சாம்பல் நிறத்தில் மீன் வாடையுடன் வந்தால் பாக்டீரியாக்களின் சமநிலை குலைந்திருக்கலாம். நுரைத்து மஞ்சளாகவோ பச்சையாகவோ வந்தால் 'ட்ரைக்கோமோனாஸ்' என்ற ஒட்டுண்ணியைச் சந்தேகிக்க வேண்டும். உங்களுக்கு அரிப்பும் வாடையும் மாறி மாறி வருவதால், கேட்டதை மட்டும் வைத்து மருந்து எழுத நான் தயங்குவேன்.

டாக்டர் முதலில் கடைசி மாதவிடாய்த் தேதியைக் கேட்பார். பிறகு உறவு உண்டா, ஒருவருடனா அதற்கு மேலா, ஆணுறை அணிகிறாரா, கருத்தடைக்கு என்ன செய்கிறீர்கள், முன்பு தொற்று ஏதும் வந்ததா, உறவு முழுச் சம்மதத்துடன் நடக்கிறதா என்று கேட்பார். இவை உங்கள் நடத்தையை எடைபோடும் கேள்விகள் அல்ல. எந்தச் சோதனை தேவை, உங்கள் துணைவருக்கும் சிகிச்சை வேண்டுமா என்பதை முடிவு செய்பவை. ட்ரைக்கோமோனாஸ் என்றால் அவரும் மாத்திரை சாப்பிட்டாக வேண்டும், இல்லாவிட்டால் தொற்று திரும்ப வரும். பூஞ்சை என்றால் பெரும்பாலும் தேவையில்லை. 'திருமணமாகிவிட்டதா?' என்ற ஒரே கேள்வியோடு நிறுத்திக்கொள்ளும் டாக்டர்கள் நம்மிடையே இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அப்படி நேர்ந்தால் நீங்களே சொல்லிவிடுங்கள். இந்தியிலோ மராத்தியிலோ சொல்லக் கூச்சமாக இருந்தால், தேதிகளையும் சாப்பிட்ட மருந்துகளின் பெயர்களையும் ஒரு தாளில் எழுதி நீட்டலாம்.

அடுத்தது சோதனை. பஞ்சு சுற்றிய குச்சியால் கசிவைத் தொட்டு ஒரு சிறிய காகிதப் பட்டையில் தடவி, நிறம் மாறுவதை அட்டையோடு ஒப்பிடுவார்கள். அமில-கார அளவு (pH) 4.5-ஐத் தாண்டினால் பூஞ்சையைவிட மற்ற இரண்டுக்கும் வாய்ப்பு அதிகம். கண்ணாடிச் சில்லில் வைத்த கசிவின் மேல் ஒரு சொட்டுப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டதும் மீன் வாடை எழுந்தால், விடை பாதி கிடைத்துவிடும். உறவின் மூலம் பரவும் கிளமீடியா, கொனோரியா என்ற தொற்றுகள் இரண்டும் பெண்களிடம் பெரும்பாலும் அறிகுறியே காட்டாமல் கருக்குழாய்களைக் கெடுக்கக்கூடியவை. அவற்றுக்கான மாதிரியை நீங்களே குச்சியால் எடுத்துக் கொடுக்கலாம். எச்.ஐ.வி., சிபிலிஸ் இரத்தப் பரிசோதனையும் செய்துகொள்வது நல்லது. எச்.ஐ.வி. பரிசோதனை அரசு மையங்களில் இலவசம். சந்தேகங்களுக்கு 1097 என்ற இலவச எண் உண்டு. தொற்று அடிக்கடி திரும்புவதால் இரத்தச் சர்க்கரையையும் பார்த்துவிட வேண்டும்.

பிறப்புறுப்புக்குள் கருவி வைத்துப் பார்ப்பதற்கு உங்கள் சம்மதம் வேண்டும். 'நிறுத்துங்கள்' என்றால் நிறுத்த வேண்டும். பெண் உதவியாளர் ஒருவர் உடன் இருக்க வேண்டும் என்றும் கேட்கலாம். எல்லாம் தெரிந்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கன்னித்திரையைப் பார்த்து ஒருவர் உறவு கொண்டிருக்கிறாரா என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. பாலியல் வன்முறை வழக்குகளில் பிறப்புறுப்புக்குள் விரல் நுழைத்துச் செய்துவந்த இருவிரல் சோதனைக்கு அறிவியல் அடிப்படையே இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில் கண்டித்திருக்கிறது. ஆகவே நீங்கள் சொன்னால்தான் டாக்டருக்குத் தெரியும், சொன்னதை அவர் வெளியே சொல்லக்கூடாது. டாக்டரைப் பார்க்கும்வரை வாசனைத் திரவங்களால் உள்ளே கழுவாதீர்கள் (அந்த விளம்பரங்கள் விற்பது பெரும்பாலும் வெட்கத்தைத்தான்). காய்ச்சல், அடிவயிற்று வலி, உறவுக்குப் பின் இரத்தப்போக்கு, மாதவிடாய் தள்ளிப்போதல் ஆகியவற்றில் எது இருந்தாலும் அன்றே போங்கள்.

கேள்வி: என் மகளுக்கு 19 வயது. வயிற்று வலி என்று அழைத்துப் போனேன். டாக்டர் என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவளிடம் தனியாகப் பேசினார். பிறகு கர்ப்பப் பரிசோதனைக்குச் சிறுநீர் கேட்டார். எங்களை எவ்வளவு கேவலமாக நினைத்திருந்தால் இப்படிச் செய்வார்?
- ஒரு தாய், தாராவி

பதில்: உங்கள் மனவேதனை புரிகிறது அம்மா, ஆனாலும் அந்த டாக்டர் செய்தது சரி. மாதவிடாய் வரும் வயதிலுள்ள எந்தப் பெண் அடிவயிற்று வலியோடு வந்தாலும் முதல் சோதனை அதுதான். கருக்குழாயில் தங்கிய கரு வெடித்தால் உயிருக்கே ஆபத்து என்பதால், ஆளைப் பார்த்து இந்தச் சோதனையைத் தவிர்க்கும் டாக்டரைவிட எல்லோருக்கும் செய்கிற டாக்டரே நம்பத்தக்கவர். கர்ப்பம் இல்லை என்று உறுதியானால்தான் குடல்வால் அழற்சியா, சிறுநீர்த் தொற்றா, சினைப்பைக் கட்டியா என்று அடுத்தடுத்து யோசிக்க முடியும். அம்மா பக்கத்தில் இருக்கும்போது எந்தப் பெண்ணும் முழு விவரத்தையும் சொல்வதில்லை. 19 வயதான அவள் சட்டப்படி மேஜர். அவள் அனுமதியின்றி முடிவை உங்களிடம் சொல்ல டாக்டருக்கு உரிமையில்லை. வீட்டில் அவளைக் குறுக்கு விசாரணை செய்யாதீர்கள். வலி குறைந்ததா என்று மட்டும் கேளுங்கள்.

கேள்வி: 24 வயதில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போடலாமா?
- வாசகி, மாட்டுங்கா

பதில்: போடலாம். உறவு தொடங்குவதற்கு முன் போட்டால் பலன் அதிகம், தொடங்கிய பின்னும் பலன் உண்டு. புனே சீரம் இன்ஸ்டிடியூட்டின் 'செர்வாவேக்' 2023 முதல் கிடைக்கிறது. உங்கள் வயதுக்கு ஆறு மாதத்துக்குள் மூன்று ஊசிகள் போட வேண்டும். கர்ப்பமாக இருக்கும்போது போடுவதில்லை. ஊசி போட்டுக்கொண்டவர்களும் 30 வயதானதும் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையைத் தொடங்க வேண்டும்.