சுவரில்லா முட்டைக்குள் உட்கருக்கள் இடம்பிடிப்பது எப்படி?

கேள்வி: பழ ஈயின் முட்டையில் செல்கள் உண்டாகும் முன்பே உட்கருக்கள் மட்டும் பெருகுமாம். தடுப்பே இல்லாத இடத்தில் அவை எப்படிச் சீராகப் பரவுகின்றன? கல்லூரி நுண்ணோக்கியில் இதைப் பார்க்க முடியுமா?
– விலங்கியல் மாணவி, நாகர்கோவில்

பதில்: டிரோசோபிலா (பழ ஈ) முட்டையின் நீளம் அரை மில்லிமீட்டர். அதற்குள் உட்கரு 13 முறை பிரிகிறது, செல்சவ்வு வருவதோ அதற்குப் பிறகுதான். தொடக்கச் சுற்றுகள் ஒவ்வொன்றுக்கும் எட்டு ஒன்பது நிமிடமே ஆகும். முதலில் ஒரு கொத்தாக இருக்கும் உட்கருக்கள் 4 முதல் 6-ஆம் சுற்றுக்குள் முட்டையின் நீளவாக்கில் விரிகின்றன. அவை தாமே நீந்திப் போவதில்லை. உட்கருக்கள் அருகில் இருக்கும் புறணியில் (முட்டையின் வெளிவிளிம்பு அடுக்கில்) மயோசின் என்ற புரதம் சுருங்க, சைட்டோபிளாசம் (முட்டைக்குள் நிறைந்த கூழ்) ஓட்டமெடுக்கிறது; அந்த ஓட்டம் இவற்றையும் இழுத்துச் செல்கிறது. 10-ஆம் சுற்றில் பெரும்பாலானவை விளிம்புக்கு வந்துவிடும். சில மட்டும் மஞ்சட்கருவிலேயே தங்கிவிடும்.

பரவல் சீராக இருந்தாக வேண்டும். ஏனென்றால் பிரிதலை எப்போது நிறுத்துவது என்பதை நிர்ணயிப்பதே நெருக்கம்தான்: சைட்டோபிளாசத்தின் அளவுக்கு உட்கருக்களில் எவ்வளவு டி.என்.ஏ என்ற விகிதம். குரோமோசோம் பாதியாக உள்ள ஹாப்ளாய்டு கருவில் இந்த விகிதம் எட்டத் தாமதமாவதால் ஒரு சுற்று கூடுதலாக நடக்கிறது. ஓட்டம் பழுதாகி ஒரு பக்கம் நெருக்கமும் மறுபக்கம் வெறுமையுமாகிவிட்டால், ஒரே முட்டையில் பகுதிக்குப் பகுதி சுற்றுக் கணக்கு மாறிப்போகும். சுவர்க்கோழியின் வழி வேறு: ஒவ்வொரு உட்கருவும் வெற்றிடம் இருக்கும் பக்கம் இழுபடும், நெரிசலில் வேகம் குறையும்.

இனி நுண்ணோக்கி. 2 சதவீத அகார் தட்டில் நன்கு கனிந்த மட்டிப்பழக் கூழைக் கொஞ்சம் கலந்து, நடுவில் ஈஸ்ட் பசை தடவி ஈக்களிடம் வையுங்கள். முதல் ஒரு மணி நேரத் தட்டு வேண்டாம். நல்ல தீனி கிடைக்காத பெண் ஈக்கள் கருவுற்ற முட்டையை வயிற்றிலேயே அடக்கி வைத்திருந்து இடும் என்பதால், அதில் வளர்ந்த கருக்களும் கலந்திருக்கும். அடுத்த தட்டை அரை மணியில் எடுத்து, முட்டைகளை ஹாலோகார்பன் எண்ணெய்த் துளியில் இடுங்கள். மேலோடு கண்ணாடிபோல் தெளிந்துவிடும். பிளீச்சில் ஓடு கரைப்பதைப் புதியவர்கள் தவிர்ப்பதே நல்லது, இரண்டு நிமிடத்துக்கு மேல் போனால் கரு கெடும். கவர்ஸ்லிப் போட்டு அழுத்தாதீர்கள்.

25 டிகிரியில், முட்டையிட்டு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் பின்முனையில் மணிமணியாகத் துருவ செல்கள் தெரியும். பின்னாளில் இனச்செல்களாவது இவைதான். நம் மாவட்டத்துப் பங்குனி, சித்திரை மதியத்தில் அறை வெப்பம் 30-ஐத் தாண்டும், அப்போது இந்தக் கணக்கு உதவாது, காலையிலேயே தொடங்குங்கள். துருவ செல்கள் வரவே இல்லையா? கருவுறாத முட்டையாக இருக்கலாம். ஆண் ஈக்கள் போதுமான அளவு உள்ளனவா என்று பாருங்கள்.