கறுப்புக் கடலையும் மட்டை அரிசியும் இருக்க, மிக்ஸ் பாக்கெட் எதற்கு?

கேள்வி: பெங்களூரில் படிக்கும் என் மகள் ஆறு மாதமாக வீகன். பால், தயிர், நெய், தேன் எதையும் தொடுவதில்லை. பயறும் தானியமும் சேர்த்துச் செய்த லோஃப் ஒன்றை அங்கே சாப்பிட்டாளாம், ரொட்டி மாதிரி துண்டு போட்டு. ஓணம் லீவுக்கு வரும்போது செய்து கொடுக்கலாம் என்று கோவையில் ஒரு கடையில் அதற்கான மிக்ஸ் வாங்கினேன். 300 கிராம், எம்.ஆர்.பி. 450 ரூபாய். பின்பக்கம் ஓட்ஸ், கடலை மாவு, சோயா மாவு, உப்பு, மசாலா என்று இருக்கிறது. இதை வீட்டிலேயே செய்ய முடியாதா? எங்களிடம் ஓவன் கிடையாது.
(வாசகி, கொழிஞ்சாம்பாறை)

பதில்: தாராளமாக முடியும். பருப்பு உருண்டைக் குழம்புக்கு உருண்டை பிடித்து ஆவியில் வேகவைப்பீர்கள் அல்லவா? அதையே ஒரு டப்பாவில் அழுத்தி வேகவைத்தால் லோஃப். பெயர்தான் புதிது.

முதலில் விலை. பாக்கெட்டில் எது எடை அதிகமோ அதைத்தான் பட்டியலில் முதலில் போடவேண்டும் என்பது விதி. ஆக, நீங்கள் வாங்கியதில் அதிகம் இருப்பது ஓட்ஸ். கிராமுக்கு ஒன்றரை ரூபாய், கிலோவுக்கு 1,500 ரூபாய். எங்கள் சித்தூர்க் கடைத்தெருவில் முந்திரிப் பருப்பே அதைவிடக் குறைவு. எம்.ஆர்.பி. பக்கத்திலேயே ஒரு கிராம் என்ன விலை என்றும் இப்போது அச்சிடுகிறார்கள். எழுத்து பொடிதான், கண்ணாடி போட்டுக்கொண்டாவது அதைப் படியுங்கள்.

இனி செய்முறை. கறுப்புக் கடலை, அதாவது கறுப்புக் கொண்டைக்கடலை, 200 கிராம் ராத்திரியே ஊறவைத்து, காலையில் தண்ணீர் மாற்றி, உப்புப் போட்டு குக்கரில் ஆறு விசில். விரலால் நசுக்கினால் நசுங்க வேண்டும். அதை வடிகட்டியில் கொட்டி அரைமணி நேரம் விட்டுவிடுங்கள். இந்த இடத்தில்தான் நான் முதல்தடவை அவசரப்பட்டேன். ஈரம் போகாத கடலையைப் பிசைந்து வைத்தேன். வெந்து வந்தது லோஃப் இல்லை, களி. வீட்டில் அன்று அதைக் கரண்டியால் அள்ளித்தான் சாப்பிட்டோம். வடித்த தண்ணீரைக் கீழே ஊற்றாதீர்கள், ரசத்துக்கு ஆகும்.

கடலையை மிக்ஸியில் போட்டு விட்டு விட்டு இரண்டு சுற்று, கொரகொரப்பாக. மை மாதிரி அரைத்தால் துண்டு போடும்போது கத்தியில் ஒட்டும். அதோடு வடித்த மட்டை அரிசிச் சோறு (கேரளத்துச் சிவப்பரிசி) ஒரு கப். மட்டை குழையாமல் நிற்கும், வாயில் கடிபடும். பொன்னி அரிசி இதற்குச் சரிப்படாது. மட்டை பிடிக்காவிட்டால் வெந்த வரகு போடலாம். அப்புறம் அரை கப் ஓட்ஸ், அல்லது வறுத்த சோள மாவு. ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலை, ஒன்றிரண்டாகத் தட்டியது. தேங்காய் எண்ணெயில் வதக்கிய சின்ன வெங்காயம், பூண்டு, இஞ்சி, கறிவேப்பிலை, மிளகுத்தூள். நெல்லிக்காயளவு புளியைக் கெட்டியாகக் கரைத்து ஊற்றுங்கள். பயறு வகைக்குப் புளிப்பு இல்லாவிட்டால் இரண்டாவது துண்டுக்கே திகட்டிவிடும்.

முட்டை போடாத லோஃப் உதிராமல் நிற்க ஒரு பசை வேண்டும். ஆளி விதைப் பொடி இரண்டு மேசைக்கரண்டி, தண்ணீர் ஆறு மேசைக்கரண்டி, கலக்கிப் பத்து நிமிடம் வைத்தால் கொழகொழவென்று ஆகும். அதை ஊற்றிப் பிசையுங்கள். கையில் எடுத்து அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும். நிற்காவிட்டால் இன்னும் கொஞ்சம் ஓட்ஸ்.

எண்ணெய் தடவிய டப்பாவில் காற்று இடைவெளி இல்லாமல் அழுத்தி, மேலே வாழையிலை போட்டு மூடி, இட்லிப் பாத்திரத்தில் 45 நிமிடம். இலை போடாவிட்டால் மூடியிலிருந்து சொட்டும் தண்ணீர் மேல்பக்கத்தைக் கெடுத்துவிடும். ஓவன் உள்ளவர்கள் 180 டிகிரியில் அதே நேரம் வைக்கலாம், மேலே மொறுமொறுப்பாக வரும். எப்படி வேகவைத்தாலும் சூட்டோடு வெட்டாதீர்கள். மாவுச்சத்து ஆறினால்தான் இறுகும். மறுநாள் துண்டு போட்டு, தோசைக்கல்லில் எண்ணெய் விட்டு இரண்டு பக்கமும் சிவக்க வாட்டினால் ஓவனே வேண்டாம் என்பீர்கள். முக்கால் கிலோவுக்குக் குறையாமல் வரும்.

பயறோடு தானியம் சேர்ப்பது ருசிக்கு மட்டும் இல்லை. புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களில், பயறில் லைசின் நிறைய, மெத்தியோனின் குறைவு. அரிசி, சோளம் நேர்மாறு. நம் அடையும் வெண்பொங்கலும் இதே கூட்டுத்தான். ஆனால் பி12 வைட்டமின் பயறிலும் கிடையாது, தானியத்திலும் கிடையாது. பாலையும் விட்டுவிட்ட மகளை அதற்காக ஒருமுறை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி: பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருந்தால் வீகன்தானே?
(வாசகர், வேலந்தாவளம்)

பதில்: இல்லை. பச்சைப் புள்ளி சைவம் என்று மட்டும் சொல்கிறது. பால்பொடியும் தேனும் அதில் அடக்கம். வீகனுக்கு மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2022இல் தனி விதி கொண்டுவந்தது. அதன் சின்னம் பச்சைச் சதுரத்துக்குள் இலை முளைத்த ஆங்கில ‘வி’ எழுத்து. சின்னம் இல்லாத பாக்கெட் என்றால் ஒவ்வாமை எச்சரிக்கை வரியைப் பாருங்கள், பால் இருந்தால் அங்கே சொல்லியே ஆகவேண்டும். மளிகைக் கடையில் நிறுத்து வாங்கும் கடலைக்கும் அரிசிக்கும் இந்த ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம்.

கேள்வி: கடலைக்குப் பதில் ராஜ்மா போடலாமா? கடலை மாவு உதிரியாக வாங்கலாமா?
(வாசகி, கோவிந்தாபுரம்)

பதில்: ராஜ்மா போடலாம், ஆனால் முழுதாக வெந்த பிறகு. அரைவேக்காட்டு ராஜ்மாவில் உள்ள லெக்டின் என்ற நச்சுப் பொருள் வாந்தியும் வயிற்றுப்போக்கும் கொண்டுவரும். ஊறவைத்து அரைத்து நேரே டப்பாவில் போடும் வேலை அதற்கு ஆகாது. ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு குக்கரில் நன்றாக வேகவையுங்கள்.

உதிரி மாவை நான் வாங்குவதில்லை. விற்கத் தடையுள்ள கேசரிப் பருப்பை மாவாக்கிக் கலந்துவிட்டால் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. பருப்பாக இருந்தால் ஒரு பக்கம் சரிந்து, சதுரம் போலத் தெரிவதைப் பொறுக்கி எடுத்துவிடலாம். கடலைப் பருப்பு வாங்கி மாவு மில்லில் அரைத்துக்கொள்வதே நல்லது.

கேள்வி: கொழிஞ்சாம்பாறைக்காரிதான் மறுபடியும். அந்த மிக்ஸுக்கு எம்.ஆர்.பி. 450 மேல் வரி என்று 22.50 சேர்த்து 472.50 வாங்கிவிட்டார்கள். கடை தமிழ்நாட்டில், நான் கேரளத்தில். எங்கே போய்ச் சொல்வது?

பதில்: எம்.ஆர்.பி. என்றாலே எல்லா வரியும் சேர்ந்த விலை. அதன்மேல் ஒரு பைசா வாங்கக்கூடாது. பில்லைப் பத்திரமாக வைத்து, முதலில் கடையில் கேளுங்கள். மசியாவிட்டால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசலாம். அதற்கும் மேலே போக நினைத்தால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கோவைக்கு அலைய வேண்டாம், பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும். கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணமும் கிடையாது. 22 ரூபாய்க்கு அவ்வளவு தூரம் போவீர்களா என்பது உங்கள் பொறுமையைப் பொறுத்தது. 1915க்கு ஒரு போன் மட்டும் கட்டாயம் போடுங்கள்.