அரிசி டின்னுக்குள் ஒரு செபமாலை

ஐயா,

நான் முல்லைத்தீவுப் பக்கம். பிறந்ததிலிருந்து கத்தோலிக்கம். 2010இல் மீள்குடியேறியபோது மூன்று பிள்ளைகளோடு தறப்பாளுக்குக் கீழே இருந்தோம். வேறொரு கிறிஸ்தவச் சபைக்காரர் தகரமும் சீமெந்தும் தருவதாகச் சொன்னார்கள். ஆனால் மாதா படத்தை எரித்துவிட்டு, குளத்தில் மறுபடி ஞானஸ்நானம் எடுக்க வேண்டுமாம். எடுத்தேன். படத்தையும் எரித்தேன். அம்மாவின் செபமாலையை மட்டும் அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்தேன். இப்போது அந்தச் சபைக்கும் போவதில்லை. மடு மாதா கோயிலுக்குப் போனாலும் நற்கருணை வாங்காமல் பின்னால் நின்றுவிட்டு வருகிறேன். நான் பேதுருவா, யூதாசா? செபமாலையும் போன மாதம் அறுந்துவிட்டது. பெயர் போடவேண்டாம்.

அன்புள்ள தங்கச்சி,

இயேசு பிடிபட்ட இரவில், சேவல் கூவுமுன் மூன்று தரம் 'அவரைத் தெரியாது' என்று பேதுரு மறுதலித்த கதையில் எல்லாரும் சேவலைப் பிடித்துக்கொள்வார்கள். எனக்கு முற்றத்தில் எரிந்த கரிநெருப்பில்தான் கண். குளிர் தாங்காமல் அதனருகே போய் நின்றார் மனிதர். வாளை நீட்டி யாரும் கேட்கவில்லை. முதலில் கேட்டது ஒரு வேலைக்காரப் பெண். தப்பி ஓடிய சீடர்களிடம் அந்த இரவில் யாரும் எதுவும் கேட்கவில்லை. இயேசுவைவிட்டுப் போக மனமில்லாமல் முற்றம்வரை வந்தவர்தான் மாட்டிக்கொண்டார்.

படத்தை எரித்தது தப்பில்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒழுகும் தறப்பாளையும் நனையும் பிள்ளையையும் பார்த்து விலை பேசியவர்கள் இருக்கிறார்களே, உங்கள் நெருப்பில் குளிர்காய்ந்தவர்கள் அவர்கள். (ஒன்றும் கேட்காமல் உதவிவிட்டுப் போன சபைக்காரரையும் எனக்குத் தெரியும். எல்லாரையும் ஒரே கயிற்றில் கட்டக்கூடாது.)

நம்முடைய சனத்துக்கு இது புதிதும் இல்லை. 1658இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் புரட்டஸ்தாந்து மதத்து ஒல்லாந்தர் கைக்குப் போனபின் கத்தோலிக்கக் குருமாருக்குத் தடை. ஞானஸ்நானமும் கலியாணமும் ஒல்லாந்தரின் தோம்பு என்ற பதிவேட்டில் ஏறினால்தான் உத்தியோகம், முதுசம் எல்லாம். சனம் போய்ப் பதிந்தது. வெளியில் அவர்களுடைய பிரசங்கம், வீட்டுக்குள் செபமாலை. மாந்தையிலிருந்த மாதாவைத் தூக்கிக்கொண்டு மடுக் காட்டுக்குள் ஓடியவர்களும் அந்தக் காலத்து ஆட்கள்தான்.

1687இல் கோவாவிலிருந்து யோசே வாஸ் என்ற குரு யாழ்ப்பாணம் வந்தார், பிச்சைக்காரர் கோலத்தில். யார் கத்தோலிக்கர் என்று வாய்விட்டுக் கேட்க முடியாது. கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகக் கையேந்தினார். அதைக் கண்டு எந்த முகம் மாறுகிறது என்று பார்த்தார். அவ்வளவுதான் அவருடைய சோதனை. தோம்பில் பெயர் ஏறியவர்களுக்கும் இரவில் ஒளித்துப் பூசை வைத்தார். 2015 ஜனவரி 14 அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்த கையோடு பாப்பரசர் பிரான்சிஸ் மடுவுக்கு வந்தாரே, அன்றும் நீங்கள் பின்னால்தான் நின்றிருப்பீர்கள்.

1544இல் மன்னாரில் விசுவாசத்துக்காக உயிர் கொடுத்தவர்களைப் பெருமையாகச் சொல்கிறோம். சரிதான். ஆனால் உங்கள் அம்மாவின் கைக்கு அந்தச் செபமாலை வந்து சேர்ந்ததில் தோம்பில் பதிந்த பயந்த சனத்துக்கும் பங்குண்டு.

இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசும் மனம் வருந்தியவன்தான். அதற்கு வாங்கிய முப்பது காசையும் திருப்பிக் கொண்டுபோனான். போய்ச் சொன்ன இடம்தான் பிழை. "எங்களுக்கென்ன, அது உன்பாடு" என்றார்கள், காசு கொடுத்த தலைமைக் குருமார். பேதுருவுக்கோ, உயிர்த்தெழுந்த இயேசு காத்திருந்த கடற்கரையில் இன்னொரு கரிநெருப்பு, அதன்மேல் மீன். ஏன் மறுதலித்தாய் என்று அங்கே கேள்வி வரவில்லை. என்னில் அன்பாயிருக்கிறாயா என்றுதான், அதுவும் மூன்று தரம்.

ஞானஸ்நானம் ஒருமுறைதான். குளத்தில் முழுகியது முதலாவதை அழித்துவிடாது. ஆவணித் திருவிழாவுக்கு முன் பங்குச் சுவாமியிடம் பாவசங்கீர்த்தனம் செய்யுங்கள், எனக்கு எழுதியதை அப்படியே சொன்னால் போதும். அவர் முகம் சுளித்தால் மடுவில் வேறு சுவாமிமார் இருப்பார்கள்.

செபமாலையைத் தையல் நூலில் கோர்க்கவேண்டாம், மறுபடி அறும். உங்கள் பக்கத்துக் கரையில் தங்கூசி, அந்த மீன்பிடி நைலோன் நூல், கிடைக்கும். மணிகள் அரிசிக்குள் சிந்தியிருந்தால் முதலில் சுளகில் போட்டுக் கொழித்துப் பாருங்கள்.