மொட்டை மாடி மழைமானி குறைவாகக் காட்டுவது ஏன்?

வணக்கம். வேளச்சேரியில் மாடியில் வைத்த மழைமானி 51 மி.மீ. காட்டியது, மீனம்பாக்கம் வானிலை நிலையத்தின் கணக்கோ 83, கருவி கெட்டுவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்பட்டுத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

முதலில் நேரம். நீங்கள் நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை கணக்கெடுக்கிறீர்கள். வானிலைத் துறைக்கு ஒரு நாள் என்பது காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. நீங்கள் சொன்னது இரவு மழை என்பதால், இரண்டு தேதிகளாகப் பிரிந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

அப்புறம் வைத்த இடம். என் சந்தேகம் பெரும்பாலும் இதன்மேல்தான். மாடியில் காற்று வேகம் அதிகம். கைப்பிடிச் சுவரில் மோதிச் சுழலும் காற்று துளிகளைப் புனலுக்கு மேலாகவே அடித்துக்கொண்டு போய்விடும். சுவரை ஒட்டி வைத்தால் சாய்வாக வரும் மழையும் மறைந்துவிடும். நிலையங்களில் மழைமானியின் வாய் தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் இருக்கும், பக்கத்து மரமோ சுவரோ தன் உயரத்தைப் போல இரண்டு மடங்காவது தள்ளி இருக்க வேண்டும். தரையில் திறந்த இடம் கிடைத்தால் அங்கே மாற்றிவிடுங்கள்.

அளவு சரியா என்பதையும் பார்த்துவிடலாம். புனலின் விட்டம் 10 செ.மீ. என்றால் 1 மி.மீ. மழைக்குச் சுமார் 7.9 மி.லி. தண்ணீர் சேர வேண்டும். 79 மி.லி. ஊற்றினால் 10 காட்டுகிறதா பாருங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் வித்தியாசம் வந்தால் அது உண்மையான வித்தியாசமாகவே இருக்கலாம். இடிமழை சில கிலோமீட்டருக்குள்ளேயே மாறும். அதனால் உங்கள் தெருவின் கணக்குக்கு மதிப்பு அதிகம், தினமும் 8.30-க்கு எழுதி வையுங்கள்.