பன்னிரண்டு மணி வரை படிக்கிற பிள்ளைக்கு இன்னொரு வகுப்பு எதற்கு?

நெல்லிக்குப்பத்திலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

மகள் கடலூரில் அரசுக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள், இரவு பன்னிரண்டு வரை குரூப் 4 அரசு வேலைத் தேர்வுக்கும் படிக்கிறாள், ஆனாலும் மாதிரித் தேர்வில் மதிப்பெண் ஏறவில்லை என்கிறீர்கள். டைப்பிங், ஸ்போக்கன் இங்கிலீஷ், சனி ஞாயிறில் புதுச்சேரியில் கோச்சிங், எல்லாவற்றிலும் சேர்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு எதுவும் வேண்டாம்.

அவளுடைய ஒரு நாளைக் கொஞ்சம் பாருங்கள். காலை ஏழரைக்குக் கிளம்பி, கடலூரில் பஸ் மாறி, கல்லூரி இருக்கும் தேவனாம்பட்டினம் போகிறாள். சர்க்கரை ஆலை ஓடும் மாதங்களில் கரும்பு டிராக்டர் முன்னால் மாட்டிக்கொண்டால் கேட்கவே வேண்டாம். வீடு திரும்ப ஆறு மணி. அப்புறம் தண்ணீர் பிடிப்பது, பாத்திரம், தம்பியின் வீட்டுப்பாடம். ஒன்பதுக்குப் புத்தகத்தைத் திறக்கும்போது நேரம் இருக்கிறது, தெம்பு இல்லை. காலை ஐந்துக்கு எழுந்துவிடுவதால் தூக்கமும் ஐந்து மணி நேரம்தான். இந்த வயதில் ஏழு மணி நேரமாவது தூங்க வேண்டும். தூக்கம் குறைந்தால் படித்ததும் மனதில் நிற்காது.

பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிடச் சொல்லுங்கள். ஐந்து மணிக்கு எழுவதில் மாற்றம் வேண்டாம். தலை தெளிவாக இருக்கும் அந்த ஒரு மணி நேரத்தைத் தமிழுக்குக் கொடுக்கட்டும். குரூப் 4-ல் 200 கேள்விகள், 300 மதிப்பெண். அதில் 100 கேள்விகள் தமிழ்தான். தமிழ்ப் பகுதியில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பத்து வரையுள்ள பள்ளித் தமிழ்ப் புத்தகங்களை முடிக்காமல் தடிமனான கைடு வாங்குவது வீண் செலவு. கணக்கை வாரத்தில் இரண்டு நாள் பார்த்தால் போதும், 25 கேள்விகள்தான். மாலை நேரம் முழுக்கக் கல்லூரிப் பாடத்துக்கு. குரூப் 4-க்குப் பத்தாம் வகுப்பே போதும், அதற்கு மேலே உள்ள குரூப் 2-க்குப் பட்டம் வேண்டும். இதற்குப் படிக்கிறேன் என்று அரியர் வைத்தால் அந்தக் கதவு சாத்திக்கொள்ளும்.

பஸ்ஸில் படிக்கச் சொல்லாதீர்கள். நின்றுகொண்டே வருகிற பிள்ளை சற்று வேடிக்கை பார்த்துவிட்டு வரட்டும். பாத்திரத்தைத் தம்பி கழுவலாம், அவன் எட்டாம் வகுப்பு படிக்கிறான், கை தேயாது.

பணத்துக்கு வருவோம். கோச்சிங் கட்டணத்துக்கு வளையலை அடகு வைக்க நினைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் போட்டித் தேர்வுகளுக்கு இலவசமாகவே வகுப்பு எடுக்கிறார்கள். அடுத்த வகுப்பு எப்போது என்று ஒருமுறை நேரில் போய்க் கேட்டுவிடுங்கள். புதுச்சேரி என்றால் ஞாயிற்றுக்கிழமை ஓய்வும் போகும், பஸ் காசும் ஆகும். பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் தமிழ்நாட்டின் சாதாரண நகரப் பேருந்துகளில்தான். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கில் வருகிறது அல்லவா, அதை வீட்டுச் செலவில் கலக்காதீர்கள். தேர்வுக் கட்டணம், மாதிரி வினாத்தாள், ஒரு நல்ல செருப்பு, எல்லாம் அதில் அடங்கும். எதற்குச் செலவழிப்பது என்பதை அவளே முடிவு செய்யட்டும்.

டைப்பிங் நல்ல யோசனைதான், காலம்தான் சரியில்லை. இளநிலை உதவியாளர், கிராம நிர்வாக அலுவலர் பணிகளுக்கு அது தேவையில்லை, தட்டச்சர், சுருக்கெழுத்துத் தட்டச்சர் பணிகளுக்குத்தான் வேண்டும். அரசுத் தட்டச்சுத் தேர்வு பிப்ரவரி, ஆகஸ்ட் என ஆண்டுக்கு இருமுறை நடக்கிறது. கோடை விடுமுறையில் சேர்ந்தால் அடுத்த பிப்ரவரியில் லோயர் (இளநிலை) தேர்வு எழுதலாம். ஸ்போக்கன் இங்கிலீஷ் பட்டம் முடிந்த பிறகு பார்க்கலாம்.

ஐப்பசி, கார்த்திகையில் மழைக்கு லீவு விட்டால், எழுதாமல் விட்ட ரெக்கார்டு நோட்டை முடிக்கட்டும். செமஸ்டர் ரிசல்ட் வந்ததும் அந்த மதிப்பெண் பட்டியலோடு அவளை அழைத்து வாருங்கள். நீங்கள் வெளியே உட்கார்ந்திருங்கள், முதலில் அவளிடம் தனியாகப் பேசுகிறேன்.