மாதக் கடைசியில் தீர்ந்துபோகும் மாத்திரை

கேள்வி: என் மகனுக்குப் பத்து வயது. ஓரிடத்தில் உட்கார மாட்டான், எடுத்த எதையும் முடிக்க மாட்டான். கவனம் நிற்காத, அளவுமீறித் துறுதுறுக்கும் ஏ.டி.ஹெச்.டி. கோளாறு என்று சொல்லி டாக்டர் மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை கொடுத்திருக்கிறார். மூளையைத் தூண்டும் மருந்தாம். ஏற்கெனவே துள்ளுகிற பிள்ளைக்கு இது எதற்கு? பழக்கமாகிவிடாதா? மாத்திரை போட்டால் நன்றாகத்தான் இருக்கிறான். கல்லூரியில் படிக்கும் பெரியவள் டெஸ்ட் சமயத்தில் கண்விழிக்கச் சிலதை எடுத்துக்கொள்வதால் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. அதனால் மாதக் கடைசியில் பழையபடி ஆகிவிடுகிறான். போன மாதம் டாக்டர் டோஸைக் கூட்டிவிட்டார். பயமாக இருக்கிறது.

பதில்: மகனைப் பற்றி இத்தனை கவலை, பெரியவளைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி. நான் அந்த வரியைத்தான் பிடித்துக்கொள்ளப் போகிறேன் சகோதரி.

டோஸ் ஏன் கூடியது என்று யோசித்தீர்களா? மாதக் கடைசியில் சேட்டை அதிகம் என்று டாக்டரிடம் சொல்லியிருப்பீர்கள். அந்த நாட்களில் மாத்திரையே அவன் வாய்க்குப் போகவில்லை என்பதைச் சொன்னீர்களா? சொல்லியிருந்தால் அவர் வேறு மாதிரி யோசித்திருப்பார். அக்கா விழுங்கியதற்குத் தம்பிக்கு டோஸ் ஏறியிருக்கிறது. நடுவில் பள்ளியில் திட்டு வாங்கியதும் அவன்தான்.

தூண்டும் மருந்து எதற்கு என்கிறீர்கள். அது தூண்டுவது அவன் கைகால்களை அல்ல. டோபமைன், நார்அட்ரீனலின் என்ற ரசாயனங்களை மூளைச் செல்கள் வெளியே விட்டு, வேலை முடிந்ததும் திரும்ப இழுத்துக்கொள்ளும். மெத்தில்ஃபெனிடேட் அப்படி இழுத்துக்கொள்வதைத் தடுக்கிறது. ஆம்ஃபெட்டமின் வகை மருந்துகள் அதோடு நிற்காமல் அவற்றைக் கூடுதலாக வெளியே தள்ளவும் செய்யும். 'பொறு, இதை முடி' என்று சொல்வது மூளையின் முன்பகுதி. அங்கே இந்த ரசாயனங்கள் சற்று நேரம் தங்கினால் பிள்ளை நிதானப்படுகிறான். வண்டியில் பிரேக்கைச் சரிசெய்வது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். 1937-லேயே சார்லஸ் பிராட்லி என்ற அமெரிக்க மருத்துவர் பென்சிட்ரின் என்ற ஆம்ஃபெட்டமின் மருந்து கொடுத்த பிள்ளைகள் பள்ளியில் அடங்கிப் படிப்பதைப் பார்த்து எழுதியிருக்கிறார். உங்கள் சந்தேகம் அப்போதே வந்த சந்தேகம்தான். பட்டப்பகலில் கட்டுப்படுத்த முடியாமல் தூங்கிவிழும் நார்கோலெப்சி நோய்க்கும் இந்த வகை மருந்துகளைக் கொடுக்கிறார்கள்.

பழக்கமாகுமா? டாக்டர் சொன்ன அளவில், அவர் கண்காணிப்பில், வாய் வழியாகச் சாப்பிடும் பிள்ளைக்கு அந்த ஆபத்து குறைவு. பசி குறையலாம், தூக்கம் தள்ளிப்போகலாம், நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் கொஞ்சம் ஏறலாம். அதனால்தான் எடையும் உயரமும் பார்க்கிறார்கள்.

பெரியவளுக்கு யார் பார்த்தார்கள்? அவள் இதயம் எப்படி, ரத்த அழுத்தம் எவ்வளவு என்று எந்த டாக்டருக்காவது தெரியுமா? நீங்கள் பயப்படுகிற பழக்கம், டாக்டர் சீட்டு இல்லாமல் தனக்குத் தோன்றியபோது எடுத்துக்கொள்பவளிடம்தான் முதலில் எட்டிப்பார்க்கும். இரவு முழுக்க விழித்திருப்பாள், நிறையப் படித்த மாதிரியும் இருக்கும். தூங்காத மூளையில் படித்தது எவ்வளவு தங்கும்? உலக நாடுகள் மனத்தைப் பாதிக்கும் மருந்துகள் பற்றிய 1971 ஒப்பந்தத்தில் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வைத்த மருந்து இது. வீட்டில் கைமாற்றாகக் கொடுத்து வாங்கும் பொருளா?

நன்றாகப் படிக்கிற பிள்ளைக்காகப் படிக்க முடியாத பிள்ளையின் மருந்தில் கைவைக்க விட்டிருக்கிறீர்கள். அவள் எடுத்தது உங்களுக்குத் தெரிந்தே நடந்திருக்கிறது. எனக்கு அதுதான் ஆத்திரம். தாய்க்கு இரண்டு கண்ணும் ஒன்றாக இருக்க வேண்டாமா? அப்புறம், இந்தக் கடிதத்தில் பிள்ளைகளின் அப்பா எங்கே?

இன்றைக்கே மாத்திரையைப் பூட்டிவையுங்கள். தினமும் உங்கள் கையால் எடுத்துக் கொடுங்கள். மீதியை எண்ணி எழுதிவையுங்கள். டோஸை நீங்களாகக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம். நாளைக்கே டாக்டருக்கு போன் செய்து நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். எந்த அளவு வேண்டும் என்று அவர் மறுபடி முடிவு செய்யட்டும்.

மகளைத் தனியாக ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரை இல்லாமல் அவளுக்குப் புத்தகத்தில் மனம் நிற்கவே இல்லையென்றால், தம்பிக்கு இருக்கும் தொந்தரவு அவளுக்கும் இருக்கலாம். இது குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியது. சத்தம் போடாத பெண் பிள்ளைகளிடம் அதை யாரும் கவனிப்பதும் இல்லை. அப்படி இருந்தால் அவள் பெயரில், அவளுக்கென்று ஒரு சீட்டு வரட்டும்.